பழைய மணிக்கூடும் புதிய மணிக்கூடும்: ஓர் ஒப்புநோக்கு

ஒரு கருவியின் சிறப்பினை ஆராயப் புகுவோர், அது செய்யும் தொழிலை மட்டும் நோக்கி அமைதல் போதாது. தன்னைக் கையாள்வோனிடம் அஃது எதனை வேண்டி நிற்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். கைமணிக்கூட்டைப் பற்றி இக்காலத்து எழும் வாதத்திற்கு இவ்வளவுகோல் பெரிதும் பொருந்தும். வில்லும் பற்சக்கரமும் கொண்டு இயங்கும் பழைய மணிக்கூடே சிறந்தது என்பர் ஒருசாரார். ‘ஸ்மார்ட் வாட்ச்’ என வழங்கும் திறன்மணிக்கூடு வந்தபின் பழையது வெறும் அணிகலனே என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றையும் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழையதைப் போற்றுவோர் பொதுவாகக் கூறும் காரணங்கள் செம்மை, அழகு, வழிவழி வரும் உடைமை என்பன. அவற்றுள் முதலாவது நில்லாது. பழைய கைமணிக்கூடுகளிற் பல மணிக்கு 18,000 முறை, அஃதாவது செக்கனுக்கு 5 முறை துடிப்பவை. இன்றைய குவார்ட்ஸ் மணிக்கூட்டின் படிகமோ செக்கனுக்கு 32,768 முறை அதிர்வது. 1969 டிசெம்பர் 25 இல் யப்பானிய செய்க்கோ நிறுவனம் படிகம் பொருத்திய கைமணிக்கூட்டை விற்பனைக்குக் கொணர்ந்த அன்றே, செம்மை பற்றிய வழக்கிற்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. வலையமைப்பிலிருந்து நேரம் பெறும் திறன்மணிக்கூட்டோடு வில்மணிக்கூடு இத்துறையிற் போட்டியிடுதல் இயலாது.

அழகு காண்பார் கண்ணைப் பொறுத்தது. அதனை வாதத்தால் நிறுவ முடியாது. உடைமைப் பெருமையோ பெரும்பாலும் செல்வத்தின் பெருமையாகவே முடிகின்றது. எச்.எம்.ரி. நிறுவனம் 1961 இல் பெங்களூரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை தொடங்கி, ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாங்கத்தக்க மணிக்கூடுகளைச் செய்து வந்தது. அதன் மணிக்கூட்டுப் பிரிவை மூட இந்திய அரசு 2016 இல் முடிவு செய்தது. சுவிற்சர்லாந்தின் விலையுயர்ந்த மணிக்கூடுகளோ நிலைத்து நிற்கின்றன. அவற்றின் விலையை மதிப்பது வேறு. மணிக்கூட்டை மதிப்பது வேறு.

அங்ஙனமாயின் பழைய மணிக்கூட்டிற்கு உரிய உண்மைச் சிறப்பு யாது? அதனை அறிய, பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளங்கொண்டிருந்த நம் துறைமுகத்தை நினைத்துப் பார்க்கலாம். கரைகாணாக் கடலில் ஒரு கப்பல் தன் நெட்டாங்கை அறிதற்கு, தான் நிற்கும் இடத்தின் நேரத்தோடு கிறீனிச் நேரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பாகைக்கு வேறுபாடு 4 நிமிடம். நிலநடுக்கோட்டை அடுத்த நம் கடலில், 4 செக்கன் பிழைப்பின் ஏறக்குறைய ஒரு கடல்மைல் பிழைக்கும். வானொலி தோன்றாத அக்காலத்தில், நடுக்கடலிற் கிறீனிச் நேரத்தைச் சொல்வார் எவரும் இலர். கப்பலில் உள்ள காலமானியே சொல்லுதல் வேண்டும்.

அத்தகைய கருவியைச் செய்துகாட்டியவர் தச்சுத்தொழில் பயின்ற ஜோன் ஹரிசன். அவர் 1759 இல் முடித்த நான்காம் மணிக்கூடு, 1761 இல் யமேக்காவை நோக்கிக் கப்பலேறியது. 81 நாள்களின் பின் அது காட்டிய பிழை ஏறக்குறைய 5 செக்கனே. ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. அம்மணிக்கூடு நாள்தோறும் தவறும் அளவு கணக்கிற் கழிக்கப்பட்ட பின்னரே அந்த 5 செக்கன் எஞ்சியது. பின்வந்த மாலுமிகளும் காலமானியைக் கடலிலே திருத்துவதில்லை. குறித்த வேளையில் முறுக்கேற்றி, அதன் பிழையை ஏட்டிற் குறித்து வந்தனர். பிழை இன்னதென அறியப்பட்ட கருவியே அவர்களின் நம்பிக்கைக்கு உரியதாயிற்று. கையிற் கட்டிய பழைய மணிக்கூடும் அக்காலமானியின் வழிவந்ததே. அது நாளுக்குச் சில செக்கன் பிந்தும் என்பதை உடையவன் அறிவான், அறிந்து திருத்துவான். காலத்தைப் பற்றிய பொறுப்பு அவனிடமே உளது.

இப்பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை இத்தீவின் அண்மை வரலாறு காட்டும். இலங்கை நேரம் கிறீனிச் நேரத்திலும் 5 மணி 30 நிமிடம் முற்பட்டிருந்தது. மின் தட்டுப்பாடு காரணமாக 1996 மே 25 இல் அரசு அதனை 6 மணி 30 நிமிடமாக்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 இல் 6 மணியாகக் குறைத்தது. 2006 ஏப்பிரில் 15 இல் மீண்டும் முதல் நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ இம்மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்திலேயே நின்றன. ஒரே தீவில் இரண்டு நேரங்கள் வழங்கின. திருகோணமலையின் நெட்டாங்கு ஏறக்குறைய 81¼ பாகை. ஆதலின் ஞாயிறு இங்கு உச்சியை அடைவது பழைய நேரப்படி சராசரியாக 12 மணி 5 நிமிடத்தில். 1996 மே மாதம் வந்த நேரப்படியோ 1 மணி 5 நிமிடத்தில். அந்நாளில் முள்மணிக்கூடு அணிந்தோர், எந்த நேரத்தைக் கொள்வது என்பதைத் தம் விரலால் முள்ளைத் திருப்பியே முடிவு செய்தனர். அச்சிறு செயலில் ஓர் அறிவு பிறந்தது: ஞாயிறு மாறவில்லை, மாந்தர் இட்ட எண்ணே மாறிற்று என்பது. தானே திருத்திக்கொள்ளும் திறன்மணிக்கூட்டை அணிந்தவனுக்கு அவ்வறிவு வாய்ப்பதில்லை. அவன் உறங்கும்போதே எண் மாறும். விழித்தவன் மாறியதையும் அறியான்.

பிறர் நேரம் அறிவிக்கப் பெறுதல் நமக்குப் புதிதோ என வினவலாம். புதிதன்று. அரசனது பாசறையில் நீர்க்கலத்தால் நாழிகை அளந்து அறிவித்தோரை முல்லைப்பாட்டிலே காண்கின்றோம். ஆயினும் அவர் அளந்த கலமும் அவ்விடத்தே இருந்தது; ஐயுற்றவன் சென்று பார்க்கலாம். இன்று நேரத்தை அறிவிப்போன் கண்ணுக்குப் புலனாகான். அன்றியும், அவன் நேரத்தோடு நில்லாது செய்தியும் விளம்பரமும் அழைப்பும் கொண்டுவந்து, கேளாத வேளையிலும் மணிக்கட்டைத் தட்டுகின்றான். பழைய மணிக்கூடு கேட்டாலன்றிப் பேசாது. படிக்கும் மாணவனுக்கு இவ்வியல்பு சிறிய நலமன்று.

திறன்மணிக்கூட்டின் பயனை மறுப்பது நடுவுநிலைமை ஆகாது. 2018 இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் நான்காம் வரிசை மணிக்கூடு, இதயத்தின் மின்னலையை மணிக்கட்டிலேயே பதியும் ஆற்றல் பெற்றது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் இஃது அரிய துணை. முறுக்கேற்றுதலும் மின்னேற்றுதலும் ஒன்றேயன்றோ எனின், அன்று. முன்னது ஒருவன் விரல்வலியால் முடிவது. பின்னது பிறர் தரும் மின்சாரத்தை நம்புவது. அம்மின்சாரம் போதாமையே 1996 இல் நம் நேரத்தை மாற்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆகவே, உடல்நலம் பேணத் திறன்மணிக்கூட்டை அணிவார் அணிக. ஆயின், காலம் தன் பொறுப்பில் இருத்தல் வேண்டுமென எண்ணுவோன், நாள்தோறும் தானே முறுக்கேற்றி, பிழையறிந்து திருத்தும் மணிக்கூட்டைக் கைவிடலாகாது. அம்மணிக்கூடு சில செக்கன் பிந்தலாம்; உடையவன் அதனை அறிந்திருப்பதே அதன் சிறப்பு.