ஆணி அடித்தவர்கள்

ஆங்கில நாடகம் என்றதும் நமக்கு ஞாபகம் வருகிறவர் ஷேக்ஸ்பியர்தான். கல்லூரியில் அவரைத்தான் பாடமாக வைத்தார்கள். அவருக்கு முன்னால் இருந்ததையெல்லாம் பாடபுஸ்தகத்தின் முன்னுரை இரண்டு பாராவில் முடித்துவிடும். மாளிகை எழும்பிய பிறகு பிரித்துப் போட்ட சாரம் மாதிரி! இந்த எண்ணம் சரியல்ல என்பதற்கு ஒரே ஒரு நாடகத்தைச் சாட்சியாக நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். யார்க் நகரத்தில் நடிக்கப்பட்ட 'சிலுவையில் அறைதல்' அது. மொத்தம் 300 வரிகள். எழுதியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வட இங்கிலாந்தில் யார்க் அந்நாளில் பெரிய வியாபார நகரம். நற்கருணைத் திருவிழாவன்று, உலகம் படைக்கப்பட்டது முதல் இறுதித் தீர்ப்பு வரையில் வேதக் கதை முழுவதையும் ஏறத்தாழ 50 சிறு நாடகங்களாக அங்கே நடித்துக் காட்டினார்கள். சக்கரம் வைத்த மேடைகளைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போய், குறித்த இடங்களில் நிறுத்தி நடிப்பார்கள். 1376-லேயே இந்த மேடை வண்டிகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நடித்தவர்கள் ஊர்க் கைத்தொழிலாளர்கள். ஒவ்வொரு தொழிற்குழுவுக்கும் ஒரு நாடகம். நோவா பேழை கட்டுவது கப்பல் தச்சர்களுக்கு. கடைசி இராப்போஜனம் ரொட்டி சுடுகிறவர்களுக்கு. கிறிஸ்துவைச் சிலுவையில் அறையும் நாடகமோ ஆணியும் குண்டூசியும் செய்கிறவர்களுக்கு!

இந்தப் பொருத்தத்தை வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. நாடகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சுவிசேஷங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சிலுவையில் அறைந்தார்கள் என்பதற்கு மேல் அந்தக் காரியத்தை அவை வர்ணிப்பதில்லை. எப்படி அறைந்தார்கள், யார் எந்தக் கையைப் பிடித்தார்கள் என்ற பேச்சே கிடையாது. அந்த மௌனத்துக்குள் யார்க் நாடகாசிரியன் நுழைகிறான். நான்கு சேவகர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கிறிஸ்து தாமாகவே சிலுவைமேல் படுத்துக்கொள்கிறார். ஒரு கையில் ஆணி இறங்குகிறது. மறுகைக்குப் போனால், துளை ஓரடிக்குமேல் தள்ளி இருக்கிறது. துளை போட்டவனின் தப்பு. என்ன செய்வது? கயிற்றைக் கட்டிக் கையைத் துளைவரைக்கும் இழுக்கிறார்கள். சிலுவையைத் தூக்கும்போது கனம் தாங்கவில்லை; தோள்பட்டை விட்டுப்போயிற்று என்கிறான் ஒருவன். நடுவில் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறார்கள். நட்ட பிறகு குழி அகலமாகப் போய்ச் சிலுவை ஆடுகிறது. ஆப்பு வைத்து அடிக்கிறார்கள். கடைசியில், தாங்கள் செய்த வேலை எப்படி என்று அவரையே கேட்கிறார்கள்.

கேலி உண்டு, வசவு உண்டு. ஆனால் நாடகத்தின் பெரும் பகுதி எந்தப் பட்டறையிலும் கேட்கக் கூடிய பேச்சுத்தான். கூட வேலை செய்கிறவனைக் குறை சொல்வது, அலுத்துக்கொள்வது, அவசரப்படுத்துவது. கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. துளை தள்ளிப்போயிற்றே என்பதுதான் அவர்களுடைய கவலை.

கதை எழுதுகிற எங்களுக்கு இது பெரிய பாடம். கொடியவனைச் சிருஷ்டிக்கும்போது நாங்கள் அவன் கண்ணைச் சிவக்க வைக்கிறோம், பல்லைக் கடிக்க வைக்கிறோம். வாசகரும் நிம்மதியாக, இவன் வேறு ஜாதி மனிதன் என்று ஒதுங்கிக்கொள்கிறார். யார்க் ஆசிரியன் அந்த நிம்மதியைத் தருவதில்லை. அவனுடைய சேவகர்கள் ரோமாபுரிக்காரர்களாகப் பேசவில்லை; தெருவில் நிற்கிற ஜனங்களின் பாஷையைப் பேசுகிறார்கள். சிலுவை மேடையில் படுத்த வாக்கில் இருக்கும்வரை, கீழே நின்ற கூட்டத்தில் பலருக்குக் கிறிஸ்துவின் உருவம் சரியாகத் தெரிந்திருக்காது. தெரிந்தது குனிந்து வேலை செய்யும் நான்கு முதுகுகள். சிரித்திருப்பார்கள், துளை சரியாக அமைய வேண்டுமே என்றுகூட நினைத்திருப்பார்கள். பிறகு சிலுவை நிமிர்கிறது. தெரு வழியே போகிறவர்களைப் பார்த்து அவர் பேசுகிறார். தமக்கு இதைச் செய்தவர்களை மன்னிக்கும்படி பிதாவை வேண்டுகிறார். அவர்கள் செய்வதைக் குறிக்க அங்கே ஆசிரியன் போட்டிருப்பது வேலை என்று பொருள்படும் சொல். அதுவரை சேவகர்கள் வாயில் புரண்ட அதே சொல்!

ஷேக்ஸ்பியரிடமும் கொடுமைக் காட்சிகள் உண்டு. 'லியர் மன்ன'னில் கிளாஸ்டரின் கண்களைப் பிடுங்கும்போது ஒரு வேலைக்காரன் எஜமானனையே எதிர்த்து வாளை உருவுகிறான், உயிரையும் விடுகிறான். 'மூன்றாம் ரிச்சர்'டில் கிளாரென்ஸைக் கொல்ல வந்த இருவரில் ஒருவன் மனம் நொந்து கூலி வேண்டாம் என்று போய்விடுகிறான். பெரிய கலைஞனின் கருணை அது. அந்த வேலைக்காரனைப் பார்த்ததும், நாமும் அப்படித்தான் செய்திருப்போம் என்று நமக்குத் தைரியம் வருகிறது. யார்க் நாடகத்தில் வாளை உருவ ஒருவனும் இல்லை. கிறிஸ்துவின் அங்கி யாருக்கு என்பதில் சிறு தகராறு. அத்துடன் சேவகர்கள் புறப்பட்டுப் போகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நான்கு சேவகர்களில் யார் முதல்வன், யார் நாலாமவன் என்று பேச்சை வைத்துப் பிரித்தறிவது கஷ்டம். மனசுக்குள் போய்ப் பார்க்கும் வித்தையில் ஷேக்ஸ்பியருக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் தனி மனசு என்பதே கூட்டு வேலையில் கரைந்துபோவதைக் காட்ட வந்தவனுக்கு இந்தக் குறையே பலமாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த அதிகாரிகளுக்கு இந்த நாடகங்கள் பிடிக்கவில்லை. 1569-க்குப் பிறகு யார்க்கில் அவை நின்றுபோயின. 1951-ல்தான் செயின்ட் மேரி மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே மீண்டும் மேடை ஏறின. இடையே ஏறக்குறைய 400 வருஷம். அதற்குள் உலகம் எத்தனையோ முகாம்களையும், அவற்றில் கணக்குத் தவறாமல் வேலை பார்த்த குமாஸ்தாக்களையும் பார்த்துவிட்டது. அந்த நாடகத்தை இன்று படிக்கிறவருக்கு அதை விளக்கிச் சொல்ல முன்னுரை தேவையில்லை.