கொங்குப் புதினங்களில் இழிவெண்ணங்களின் உறவு

கீழ்க்குலத்தார் என ஒரு சாராரை இழித்தல், கைம்பெண்ணை ஒதுக்குதல், மகப்பேறில்லாதாளைப் பழித்தல் ஆகியவற்றை வெவ்வேறு தீமைகளாகப் பிரித்துப் பேசுதல் வழக்கம். திறனாய்வாளரும் ஒரு புதினத்தைப் பெண்ணின் துயர் கூறுவது என்றும், மற்றொன்றைச் சாதிக் கொடுமை கூறுவது என்றும் பகுத்து அமைவர். கோவை முதல் திருச்செங்கோடு வரை பரந்த கொங்கு நாட்டின் வாழ்வைக் கூறும் புதினங்களை ஒருங்கு வைத்து நோக்கின், அப்பகுப்புப் பொருந்தாமை புலனாகும்.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) காட்டும் கைம்பெண், கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கின்றாள். ஊரார் தூற்றுவது அவள் ஒழுக்கத்தை. உறுத்துவதோ அவள் கேட்கும் பங்கு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) கூறும் காளி, பொன்னா இணையரைச் சுற்றி, அவர்தம் சொத்து யாருக்கு என்னும் பேச்சு ஓயாது ஒலிக்கின்றது. 'பூக்குழி' (2013) என்னும் புதினத்தில் குமரேசன் மணந்து கொணர்ந்த சரோஜாவின் குலம் எது என்பதே ஊரின் முதல் வினா. பங்கு கேட்பவள், வாரிசு தராதவள், வேற்றுக் குலத்தாள் என்னும் இம்மூவரும் காணி தலைமுறை வழியே ஒரே குலத்துள் இறங்குவதற்கு இடையூறாகக் கருதப்பட்டவர் ஆவர். ஒரே காட்டைச் சுற்றிய வேலியின் வெவ்வேறு முட்களே இவ்விழிவெண்ணங்கள் என்பது நம் கருத்து.

இனி, இழிவுற்றார் பிறர் இழிவுக்கு இரங்குவரோ எனின், இப்புதினங்கள் அவ்வாறு காட்டவில்லை. குமரேசனின் தாய் இளமையிலேயே கணவனை இழந்து, தனியளாய் மகனை வளர்த்தவள். அவளே சரோஜாவை நாள்தோறும் சொல்லால் சுடுகின்றாள். பெரிதும் உழைத்து ஈட்டிய சிறு மதிப்பும் மருமகளின் குலத்தால் பறிபோகும் என்னும் அச்சமே அவளை வன்னெஞ்சினள் ஆக்குகின்றது. தேர்த்திருவிழா இரவில் அயலான் ஒருவனால் மகப்பேறு பெறும் பழைய வழக்கத்துக்குப் பொன்னாவை அனுப்பும் பேச்சு எழுந்தபோது, அவ்வயலான் தீண்டத்தகாதார் எனப்பட்ட குலத்தினனாக இருப்பனோ என்பதும் காளியைக் குமையச் செய்கின்றது. பிள்ளையில்லாதவன் என்று ஊர் எள்ளிய அவனும் குலப்பெருமையைக் கைவிட்டானல்லன்.

எல்லாவற்றையும் காணி ஒன்றாலேயே விளக்கிவிடலாமோ எனின், இயலாது என்போம். 'கூளமாதாரி' (2000) காட்டும், ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் எவர் காணிக்கும் உரிமை கோரினானல்லன். அவனுக்கும் இழிவு தப்பவில்லை. அவனைத் தாழ்வில் நிறுத்திப் பெறும் உழைப்பின்மேல் பண்ணை நிற்கின்றது என்பது உண்மையே. எனினும் தீண்டாமையின் கொடுமை அப்பயனையும் கடந்தது. ஆதலின் இழிவெண்ணங்கள் தம்முள் உறவுடையன என்றல் பொருந்தும். ஒரே அளவின என்றல் பொருந்தாது. மதிப்பிழந்த கைம்பெண்ணுக்கும் குலம் என்னும் பிடிமானம் ஒன்று எஞ்சியிருந்தது. கூளையனுக்கு அதுவும் இல்லை. இவ்வேறுபாட்டை மறவாது உறவை ஆராய்தலே திறனாய்வின் கடனாம்.