சிலையாகிய சரிதங்கள்: வாஷிங்டனும் மாத்தளை வீரரும்

ஜோர்ஜ் வாஷிங்டன் சிறுவனாயிருந்த காலத்தில் தந்தையாரின் செரி மரத்தைக் கோடரியால் வெட்டினான் என்றும், வினவப்பட்டபோது பொய் கூறாது குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றும் வழங்கும் கதை, கடல் கடந்து நமது சிறுவர் நீதிக் கதைகள் வரை வந்து சேர்ந்துள்ளது. வாஷிங்டன் 1799 டிசெம்பரில் காலமானார். அடுத்த ஆண்டே மேசன் லொக் வீம்ஸ் என்பார் அவரது சரிதத்தை வெளியிட்டுவிட்டார். செரி மரக் கதை அந்நூலின் முதற் பதிப்பில் இல்லை. 1806 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலேதான் அது முதன்முதலாகத் தலைகாட்டுகின்றது. வீம்ஸ் ஒரு மதகுரு. அத்துடன் ஊர் ஊராகச் சென்று நூல் விற்றவர். புதிதாகத் தோன்றிய நாடொன்று தனக்கொரு தந்தையைத் தேடிக்கொண்டிருந்தது என்பதை மதகுரு உணர்ந்தாரோ இல்லையோ, நூல் விற்பனையாளர் நன்குணர்ந்திருந்தார்.

இக்கதை புனைவு என்பது இன்று பலரும் அறிந்ததே. ஆயினும் கதை கழிந்த பின்னரும் அதனை வார்த்த அச்சுக் கழியவில்லை. தலைவன் இளமையிலேயே தலைவனாயிருத்தல், அவன் உள்ளத்தில் முரண்பாடு எதுவும் இல்லாதிருத்தல், அவனைச் சூழ நின்றோர் நிழலாகிவிடுதல், இறுதியில் எடுத்தாளத்தக்க ஒரு வாசகம் அவன் வாயிற் பிறத்தல் என்பன அவ்வச்சின் கூறுகள். 1848 ஆம் ஆண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியின் தலைவர்களுக்கு இன்று பொதுவாக வழங்கும் சரிதங்களும் இதே அச்சில் வார்க்கப்பட்டவையே. இவ்வார்ப்பினால் முதலில் நட்டமடைவோர் அத்தலைவர்களே என்பது இங்கு எடுத்துக்காட்டப்படவுள்ளது.

கிளர்ச்சியின் பின்னணி சுருக்கமாகக் கூறத்தக்கது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்தது. 1847 இல் கோப்பி விலை வீழ்ந்தபோது அரசாங்கத்தின் வருமானமும் வீழ்ந்தது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் எனவும் விதித்தார். 1848 யூலை முற்பகுதியில் 'கொழும்பு ஒப்சேவர்' இதழில் 'ஆங்கிலேயன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் அவ்விதழின் ஆசிரியரான எலியட் வைத்தியர். மக்களின் பிரதிநிதித்துவம் இல்லாத அவை மக்கள்மீது வரி சுமத்தலாகாது என வாதிட்டவர் அவர். 1765 ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றத்தாரின் வாதமும் இதுவே. கடிதம் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஊர்களிற் பரவியது.

யூலை 28 ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவரது முதன்மைத் துணைவரானார். கூட்டம் தெற்கு நோக்கி நகர்ந்து மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி ஆவணங்களை அழித்தது. மறுநாளே கண்டியிலிருந்து வந்த படை வாரியப்பொலவில் அவர்களைச் சிதறடித்தது. அன்றே பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8 இல் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் எல்கடுவையிற் பிடிபட்ட பண்டாவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1849 ஆம் ஆண்டு இறுதியில் அவர் மலாக்காவில் மரணமானார்.

இவ்விருவரின் சரிதங்களும் சுவை மிகுந்தவையாக இருந்திருக்க வேண்டியவை. கண்டிய விவசாயிகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய இருவருமே கண்டியர் அல்லர். புரன் அப்பு மொறட்டுவையிற் பிறந்த பிரான்சிஸ்கஸ் பெர்னாண்டோ. பண்டா பேலியகொடையிற் பிறந்த டேவிட். கண்டி வீதியில் வண்டித் தொழில் நடத்தியவர். முன்னவர் அரசாங்கத்தாற் கள்வர் எனத் தேடப்பட்டவர். கண்டிப் பிரதானிகளுட் பெரும்பாலோர் விலகி நிற்க, பிறப்பாற் கண்டியோடு தொடர்பற்ற கரையோரத்தார் இருவர் கண்டி மன்னனின் வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தனர். விவசாயிகள் அவர்களை ஏற்றுக்கொண்டனர். இது எவ்வாறு நிகழ்ந்தது? கோப்பி திறந்த வீதிகளில் வண்டியோட்டியவன், அவ்வீதிகளுக்காக விதிக்கப்பட்ட வரிக்கு எதிராக முடிசூடுகிறான் என்பதில் ஒரு காலகட்டத்தின் பொருளியலே அடங்கியுள்ளது. சரிதகாரர்களோ இக்கேள்வியின் முன் நின்று தாமதிப்பதில்லை. பிறந்த ஊரை ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டு வாளேந்திய கோலத்துக்கு விரைகின்றனர்.

பண்டா சூடிய பட்டப்பெயர் இன்னும் சிக்கலானது. அது 'ஸ்ரீ விக்கிரம' என்று தொடங்கியது. 1815 இல் முடியிழந்து வேலூரிற் சிறையிருந்து 1832 இல் இறந்த கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவை எழுப்பும் பெயர் இது. அம்மன்னன் தென்னிந்திய நாயக்கர் வழியினன். எனவே 1848 இல் மாத்தளை விவசாயி தன் அரசனெனக் கனவு கண்ட உருவம் இன, மொழி எல்லைகளைக் கொண்டு அளக்கத்தக்கதன்று. பிற்காலத் தேசிய உணர்வு இக்கனவைத் தன் அளவுக்கு வெட்டிக்கொண்டது. வெட்டப்பட்ட பகுதியை மீட்பது அவ்வீரருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது.

இனி அந்த இறுதி வாசகம். தன்னைப் போன்ற அரை டசின் பேர் இருந்திருப்பின் கண்டி மாகாணங்களில் வெள்ளையன் ஒருவனேனும் உயிரோடிருக்கமாட்டான் என்ற கருத்துப்படப் புரன் அப்பு இறக்குமுன் கூறியதாக ஒரு செய்தி உண்டு. அவரைப் பற்றிய எவ்வெழுத்திலும் இது தவறாது இடம்பெறும். இச்செய்தியை ஏட்டிற் பதித்தவர் யார் என்பது மட்டும் அரிதாகவே குறிப்பிடப்படும். பதித்தவர் டொரிங்டன்; குடியேற்ற நாடுகளின் அமைச்சர் கிறே பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் இது காணப்படுகின்றது. கே. எம். டி சில்வா பதிப்பித்த அக்காலக் கடிதத் தொகுதியைப் புரட்டுவோர், தம் கடுமையைத் தொடர்ந்து நியாயப்படுத்திக்கொண்டிருந்த ஒரு தேசாதிபதியைச் சந்திப்பர். எதிரி எவ்வளவு ஆபத்தானவனோ அவ்வளவுக்குச் சுட்டது சரியாகும். ஆகவே இவ்வாசகம் டொரிங்டனுக்கும் பயன்பட்டது. வாசகம் பொய்யென்று இதனாற் பெறப்படாது. கொன்றவனின் கடிதத்திலிருந்து வீரனின் குரலை எடுக்கும் சரிதகாரன் அதனைச் சொல்லிவிட்டு எடுத்தல் வேண்டும் என்பதே வேண்டப்படுவது. செரி மரக் கதைக்குச் சான்றே இல்லை. இதற்குச் சான்று உண்டு, ஆனாற் சான்றாளன் பகைவன். இரண்டாவது நிலைமையே ஆய்வாளனுக்குப் பெருவிருந்து. அவ்விருந்தை எவரும் தொடுவதில்லை.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய 'வீர புரன் அப்பு' திரைப்படம் பெயரிலேயே வீரத்தைச் சூட்டிக்கொண்டது. திரை வேறு ஊடகமாதலின் அதனை இங்கு விரித்தல் வேண்டியதில்லை.

மீண்டும் வாஷிங்டனிடம் வருவோம். வரியை எதிர்த்த போரின் படைத்தலைவர் என்ற உருவத்தில் நின்றுவிடும் சரிதங்கள், 1794 ஆம் ஆண்டை விரைந்து கடந்துவிடும். அவரது அரசாங்கம் 1791 இல் வடிசாராயத்துக்கு விதித்த தீர்வையை மேற்குப் பென்சில்வேனிய விவசாயிகள் எதிர்த்தெழுந்தனர். சனாதிபதி வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டித் தாமே வழியின் ஒரு பகுதிவரை உடன் சென்றார். நேற்றைய கிளர்ச்சிக்காரன் இன்றைய வரி அறவிடுவோன் ஆயினான். இராசத்துரோகக் குற்றவாளிகளாகக் காணப்பட்ட இருவரை 1795 இல் மன்னித்தார் என்பதும் உண்மை. ஒரே மனிதரிடத்து இவ்விரண்டும் அமைந்திருந்தமையை எழுதுவதே சரிதம். ஒன்றை மறைப்பது துதி.

அமெரிக்கச் சரித எழுத்து இத்துதியிலிருந்து விடுபட்ட வகையும் நோக்கத்தக்கது. ஓனா ஜட்ஜ் என்னும் பெண் வாஷிங்டன் குடும்பத்தில் அடிமையாயிருந்தவள். 1796 இல் பிலடெல்பியாவில் சனாதிபதி இல்லத்திலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயரை அடைந்தாள். பத்திரிகையில் விளம்பரம் வெளிவந்தது. அவளைத் திருப்பிக் கொணர வாஷிங்டன் ஆள்மூலம் முயன்றார். அவள் அகப்படவில்லை. முதுமையில், 1840 களில், அடிமை முறையை எதிர்த்த இரு பத்திரிகைகளுக்குத் தன் கதையைத் தானே கூறினாள். 1848 பெப்ரவரியில், அதாவது மாத்தளைக் கிளர்ச்சிக்கு ஐந்து மாதம் முன்னர், இறந்தாள். அவள் வாழ்க்கையை மையமாகக் கொண்டு எரிக்கா ஆம்ஸ்ட்ரோங் டன்பார் எழுதிய நூல் 2017 இல் வெளிவந்தது. இன்று வாஷிங்டனின் சரிதத்தை எழுதப் புகுவோர் எவரும் அவளைத் தாண்டிச் செல்லல் எளிதன்று. நாயகனின் சரிதம் திருத்தம் பெற்றது அவன் வீட்டுப் பணிப்பெண்ணின் சரிதத்தால்.

மாத்தளையில் இவ்விடத்துக்கு உரியோர் யாவர் என்பது தமிழ் மாணவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1848 இல் பண்டாவின் கூட்டம் தம்புள்ளையிலிருந்து நாலந்தை ஊடாக மாத்தளைக்கு இறங்கியது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாக நடந்து, அதே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயிலாகிய இவ்வூரை அடையுமுன் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 1841 முதல் வந்தோருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டிருப்பர் என 1849 இல் ஓர் இதழ் கணக்கிட்டது. அவ்வெண்ணைப் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. அவ்விதழ் எதுவெனின், எலியட்டின் அதே 'கொழும்பு ஒப்சேவர்'. வரிக்கெதிரான கடிதம் வெளிவந்த பக்கங்களிலேயே வழிநடந்து மடிந்தோரின் தொகையும் வெளிவந்திருக்க, முன்னதை மேற்கோள் காட்டும் சரிதகாரர் பின்னதைக் கண்ணுறுவதில்லை.

கிளர்ச்சியின் தலைவர்களும் கோப்பித் தொழிலாளரும் ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே பயிரின் விளைவாக நடந்தவர்கள். ஒரு சாராருக்குச் சிலையும் மறுசாராருக்கு எண்ணிக்கையும் கிடைத்தமை தற்செயலாகாது. கிளர்ச்சியின் நூற்றாண்டாகிய 1948 இலேயே நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதும் அவ்வாண்டிலேயே. எவருடைய வாழ்க்கை தேசத்தின் கதை என்பதை நாடாளுமன்றம் சட்டத்தால் வரையறுத்த அதே எல்லையைச் சரிதமும் வரையறுத்துக்கொண்டது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டங்கள் பின்னர் வந்தன. 2003 ஆம் ஆண்டின் சட்டம் அவற்றுள் ஒன்று. சரிதங்களின் எல்லை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றது.

பழியைச் சிங்களச் சரிதகாரர்மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையாகாது. தமிழிற் சரிதம் என்றதும் நினைவுக்கு வருவன யாவை? 1882 இல் கனகரத்தின உபாத்தியாயர் எழுதிய ஆறுமுக நாவலர் சரித்திரம் முதலாகப் பெரியோரின் பெருமையே பொருளாயிற்று. வெ. சாமிநாத சர்மா மாஜினியையும் கமால் அத்தாதுர்க்கையும் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். அதுவும் தலைவர் வரிசையே. உ. வே. சாமிநாதையர் 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரம் ஓரளவு விதிவிலக்கு. ஆசிரியரிடத்து எல்லையற்ற பக்தி கொண்ட மாணாக்கர், அவர் பட்ட கடனையும் பொருள்முட்டையும் மறைக்கவில்லை. பக்தியும் உண்மையும் ஒருங்கே நிற்கலாம் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. வீம்ஸின் அச்சை இரவல் வாங்கவேண்டிய தேவை நமக்கில்லை.

மலையகத்தில் இப்பணி வேறு வடிவங்களில் தொடங்கிவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி 1970 இல் வெளிவந்த 'போர்ன் டு லேபர்' நூலில் தோட்டத்து மாந்தரின் வாழ்க்கைச் சித்திரங்கள் உள்ளன. அவர் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள், பெயர் பதியப்படாதோரின் சுயசரிதங்களாகக் கொள்ளத்தக்கவை. மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் முதலியோரின் சிறுகதைகள் இம்மாவட்டத்தையே களமாக்கின. ஆயினும் சிறுகதை வரலாற்றின் வேலையைச் செய்யவேண்டிய நிலை, வரலாறு தன் வேலையைச் செய்யாமையாலேயே ஏற்பட்டது. ஓனா ஜட்ஜைத் தேடி 1845 இல் ஒருவர் சென்று வினவினார். நாலந்தை வழியே நடந்து வந்தோரை அக்காலத்தில் எவரும் வினவவில்லை. எஞ்சியிருப்பன தோட்டப் பதிவேடுகள், வைத்தியசாலைக் குறிப்புகள், நீதிமன்ற ஏடுகள், பாட்டிமார் வாயில் வழங்கும் பாடல்கள். புரன் அப்புவின் சரிதத்தைப் புதிதாக எழுதுவோர் டொரிங்டனின் கடிதங்களோடு இவற்றையும் மேசைமீது பரப்பிக்கொண்டே தொடங்கவேண்டும்.