சான் சிரோவில் கணக்கு தப்பிய மாலை

2024 அக்டோபர் 27. மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் இன்டரைச் சந்திக்க யுவென்டஸ் வந்தபோது, பந்தயம் கட்டுவோர் கையில் ஓர் எண் இருந்தது. சீரி ஆ லீக்கில் 8 ஆட்டங்கள். வாங்கியது ஒரே கோல். அதுவும் காலியாரி அணி பெனால்டியில் அடித்தது. ரோமா, எம்போலி, நாப்போலி மூன்றுடனும் கோலில்லா டிரா. இப்படியொரு அணி ஆடும்போது 'மொத்தம் இரண்டரை கோலுக்குக் கீழ்' என்று பணம் வைக்க யாருக்குத்தான் ஆசை வராது?

ஆட்டம் 4-4.

எண் பொய் சொல்லவில்லை. அது வேறோர் அணியின் எண். அந்த 8 ஆட்டங்களில் 6, தடுப்பாட்டத்தின் தூணான பிரேமர் காயப்படுவதற்கு முந்தியவை. அக்டோபர் 2 அன்று லைப்சிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. ஐரோப்பாவில் ஆடிய மூன்று ஆட்டங்களில் யுவென்டஸ் 4 கோல் வாங்கியிருந்ததையும் லீக் அட்டவணை காட்டாது.

பிரேமர் இல்லாததால் விழுந்த ஓட்டை முதல் பாதியிலேயே தெரிந்துவிட்டது. 15-வது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்குள் இன்டரின் துராமை டனிலோ வீழ்த்தினார். 37-வது நிமிடத்தில் டம்ஃப்ரீஸை கலூலு வீழ்த்தினார். வீழ்த்திய இருவருமே யுவென்டஸின் நடுத் தடுப்பாளர்கள். இன்டருக்கு வழக்கமாகப் பெனால்டி அடிக்கும் சல்ஹனோலு காயத்தால் ஆடவில்லை; அவர் இடத்தில் இறங்கிய சிலின்ஸ்கி இரண்டையும் வலைக்குள் தள்ளினார். இரு அணிகளிலும் முக்கியமான ஒருவர் இல்லை. ஒருவருக்கு மாற்று ஆள் இருந்தார், மற்றவருக்கு இல்லை. முன்னோட்டம் எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிறகு மாற்று வீரராக வந்த 19 வயது யில்டிஸ் 71, 82-வது நிமிடங்களில் கோல் அடித்து, 2-4 என்று பின்தங்கியிருந்த யுவென்டஸைக் காப்பாற்றினார்.

சரி, இனி இந்த ஜோடி மோதினால் கோல் மழைதான் என்று நம்பியவர்களுக்கு 2025 பிப்ரவரியில் டூரினில் அடி விழுந்தது. கோலோ முவானி கொடுத்த பந்தை கொன்சேசாவ் அடிக்க, யுவென்டஸ் 1-0. அதே டூரினில் அதே ஆண்டு செப்டம்பரில் 4-3! அண்ணன் மார்கஸ் துராம் 76-வது நிமிடத்தில் இன்டரை முன்னிலைக்குக் கொண்டுபோனார். சில நிமிடங்களிலேயே தம்பி கெஃப்ரன் யுவென்டஸுக்காகச் சமன் செய்தார். ஆட்ட இறுதியில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் யுவென்டஸின் அஜிச் அடித்த நீண்ட தூர ஷாட் ஆட்டத்தை முடித்தது.

ஆகவே 'இத்தாலி டெர்பி' எனப்படும் இந்த மோதலில் யார் வெல்வார் என்று கணிப்பதில் இந்தப் பத்திக்கு நம்பிக்கையில்லை. சான் சிரோவில் ஆட்டம் என்றால் இரு அணியும் கோல் அடிக்கும் என்பதே ஓரளவு நியாயமான கணிப்பு. அதையும் ஆடும் பதினொருவர் பட்டியல் வெளியான பிறகே சொல்ல வேண்டும்.

பணம் கட்டத் துடிப்பவர்கள் ஒருவரை நினைத்துக்கொள்ளட்டும். அப்போது யுவென்டஸ் நடுக்கள வீரராக இருந்த நிகோலோ ஃபஜோலி இந்த ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர். பந்தயப் பழக்கம் அவரையும் கடனில் தள்ளியது. 2023 அக்டோபரில் அவருக்கு விதிக்கப்பட்ட தடை 7 மாதங்கள்.