படைத்தலைமை அறமும் ஒரு கலைச்சொல்லும்

புணேயை அடுத்த பிம்ப்ரியில் தொழிற்சாலைப் பணியை நாடிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அருகே தாபோடியில் படைப் பொறியியல் கல்லூரியும், நகரின் மறுபுறம் கடக்வாஸ்லாவில் 1955இல் தொடங்கிவைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகமும் உள்ளன. இக்குடும்பத்துப் பிள்ளைகளுள் படை அதிகாரியாக விழைவோர் உண்டு. அவர்கள் பயிலும் நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை, வீட்டுமொழி தமிழ். மகனின் பாடக்குறிப்பிலிருந்த 'மாரல் கரேஜ்' என்னும் தொடருக்குத் தமிழ் யாதென ஒரு தந்தை வினவியபோது எம்மால் உடன் விடை கூற இயலவில்லை. மராத்தியர் 'நைதிக் தைர்ய' என எளிதில் கூறிவிடுகின்றனர். தமிழில் வழங்கும் பெயர்ப்புகளோ ஒன்றும் நிறைவளிப்பதாக இல்லை.

'நெஞ்சுரம்', 'மனவலிமை' என்பன பகைவர்முன் நிற்கும் வீரனுக்கும் நோயைத் தாங்குவோனுக்கும் ஒருங்கே பொருந்துவன. 'தார்மிகத் துணிவு' என்பதன் அடையோ வேறு வழியில் தேய்ந்துவிட்டது. 'தார்மிகப் பொறுப்பேற்று' என்றவுடன் பதவி விலகும் அமைச்சரே நம் நினைவில் தோன்றுகிறார். 'அறத்துணிவு' இவற்றினும் மேலானது. எனினும் அது குறையுடையதே என்பது எம் கருத்து. அக்குறையை அறிய முதலில் மூலத்தின் பொருளை வரையறுத்தல் வேண்டும்.

தளபதி மானெக்சா 1998இல் வெலிங்டன் படைத்துறைப் பணியாளர் கல்லூரியில் தலைமைப் பண்புகள் பற்றி ஆற்றிய உரையில் இதனை விளக்கினார். நன்று தீது பகுத்தறிதலும், வினவப்பட்டவிடத்து மேலோரும் கீழோரும் யாது கருதுவர் எனப் பாராது அதனைச் சொல்லுதலும் என இரு கூறுகளை அவ்விளக்கம் உடையது. இதில் அறிதலினும் சொல்லுதலே உயிர்நிலை. 1971 ஏப்ரலில் உடனே போர் தொடுக்கப் படை ஆயத்தமாக இல்லை என இந்திரா காந்தியிடம் கூறிப் பதவி விலகவும் முன்வந்ததாக அவரே பன்முறை உரைத்துள்ளார். அவர் கூற்றின் விவரங்களை ஐயுறும் ஆய்வாளரும் உளர். சொற்பொருளாய்வுக்கு அது தடையன்று. அதே ஆண்டு திசம்பர் 16இல் பசந்தர் போரில், எரியும் டாங்கியைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டும் பீரங்கி இயங்குகிறதென மறுத்துப் போரிட்டு மாண்டவர் புணேயில் பிறந்த அருண் கேத்ரபால். அவருக்கு மறம், மானம், தறுகண்மை என எத்தனையோ சொற்கள் நம்மிடம் உள்ளன. மானெக்சா கூறும் பண்புக்கு எச்சொல்லை ஆள்வது?

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் இதனைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். படைக்குக் காவலாவன நான்கு என்னும் 766ஆம் குறளில் இறுதியாக வருவது 'தேற்றம்'. அரசனால் தெளியப்படுதல் எனப் பரிமேலழகர் கொண்டார், மு.வ. அரசன் இருந்த இடத்தில் தலைவரை வைத்தார். இருவர் உரையிலும் நம்பிக்கை மேலிருந்து கீழ்நோக்கியே வருகிறது. கீழிருப்போன் மேலோனுக்கு மாறுரைக்கும் நிலை பேசப்படவில்லை. அதனை வள்ளுவர் வேறிடத்தில் வைத்துள்ளார். அறிவுரையைத் தள்ளும் அரசனாயினும் உறுதி கூறுதல் அமைச்சன் கடன் என்பது 638. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுவான் என்பது 448. அமைச்சர்க்கும் பெரியோர்க்கும் உரியதாக வகுக்கப்பட்ட இக்கடமையைப் புறநானூற்றில் ஆற்றுபவர் புலவர். மலையமான் மக்களை யானைக்கால் இடப் புகுந்த கிள்ளிவளவனைத் தடுத்தவர் கோவூர் கிழார், படைத்தலைவர் எவருமல்லர். போர்ச் சொற்களிடையே இதற்கு நிகரன் தேடும் மொழிபெயர்ப்பாளர் வழிதவறுவது இதனாலேயே.

விலக்கு ஒன்றுண்டு. கம்பனின் கும்பகருணன் படைவீரன், தம்பியும் ஆவான். சீதையை விட்டுவிடுக என அண்ணனிடம் நேர்நின்று கூறுகிறான். அது ஏற்கப்படாதபோது களம் புகுகிறான். வீடணன் வந்து அழைத்தும், தன்னை வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனை நீங்க உடன்படவில்லை. இடித்துரையும் செஞ்சோற்றுக்கடனும் ஒருவனிடத்தே கூடிய இடம் இது. ஆயினும் அவன் கடன் ஓர் ஆளுக்குரியது. 1932இல் தேராதூன் படைக்கல்விக் கழகத்தில் செட்வுட் உரைத்து இன்றளவும் போற்றப்பெறும் முறைவைப்பில் நாடு முதலிலும், தன் கீழுள்ள வீரர் அடுத்தும், தான் இறுதியிலும் நிற்க, ஆள்வோன் என்னும் தனியாள் இடம்பெறவில்லை. ஆதலின் 'லாயல்டி' என்பதற்குச் 'செஞ்சோற்றுக்கடன்' எனப் பெயர்ப்பது இக்காலப் படையறத்தைத் திரித்துவிடும். 'விசுவாசம்' என்பதும் இக்குறையினின்று முற்றும் நீங்கியதன்று.

இனி, 'இடித்துரைக்கும் துணிவு' எனலாமோ? சொல்லுதற்கூறு இதில் உண்டு. ஆனால் மானெக்சா 'வினவப்பட்டவிடத்து' என்றார். இடித்துரைப்போன் வினாவை எதிர்பார்த்து நிற்பதில்லை. மூலம் வேண்டாத ஒரு சுமையை இளம் அதிகாரியின்மேல் ஏற்றும் சொல் அது. ஈரெழுத்து மாறிய 'எடுத்துரைக்கும் துணிவு' சற்று வெளிறியதாயினும் வரையறையோடு ஒத்துச்செல்கிறது. பாடநூலுக்கு அதனையே யாம் பரிந்துரைப்போம். பிம்ப்ரித் தந்தையிடம் இரண்டையும் கூறினோம். மகனின் குறிப்பேட்டில் அவர் எழுதிக்கொண்டது 'இடித்துரைக்கும்' என்பதையே.