எலும்புக் கப்பல்களும் கலை மதிப்பீடும்

கலைப் படைப்பொன்றின் பெறுமதியை அதன் உருவச் செம்மையைக் கொண்டு மட்டும் அளந்துவிடலாமா? இவ்வினா கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும் உரியதன்று. கைவினைப் பொருளுக்கும் உரியதே. பாய்மரப் போர்க்கப்பல்களின் மாதிரிகளைக் கொண்டு இதனை ஆராய்வது பயனுடைத்து என நாம் கருதுகின்றோம்.

இங்கிலாந்தில் கிறீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் நூதனசாலையில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கடற்படை மாதிரிகள் பல பேணப்படுகின்றன. இவற்றுட் பல 1:48 என்ற அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலமாக அமைந்தவை. கப்பலின் கீழ்ப்பகுதியைப் பலகையால் மூடாது விட்டிருப்பதால் விலாவெலும்பு போன்ற வங்குகள் வரிசையாய்த் தெரியும். செதுக்கு வேலை நுணுக்கமானது, பொன்முலாம் மங்காதது. கடற்படையை ஆண்டோரும் அவரைச் சார்ந்த பிரபுக்களும் கண்டு மகிழத்தக்க பொருள்கள் இவை. அளவுக்கோலை மட்டும் கையிலேந்தி வரும் விமர்சகன் இவற்றின் முன் தலைவணங்குவான்.

அதே விமர்சகன் பீற்றர்பரோ நூதனசாலைக்குச் சென்றால் முகஞ்சுளிக்கவும் கூடும். அங்குள்ளவை போர்க்கைதிகளின் கைவேலைகள். அந்நகருக்கு அணித்தாயுள்ள நோர்மன் குறொஸ் என்னுமிடத்தில் 1797ஆம் ஆண்டு போர்க்கைதிகளுக்கென்றே முகாம் ஒன்று அமைக்கப்பட்டது. 1814இல் அது மூடப்படும்வரை பிரெஞ்சு, ஒல்லாந்து நாடுகளின் மாலுமிகளும் போர்வீரரும் ஆயிரக்கணக்கில் அங்கு அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுள் 1,770 பேர் அங்கேயே மாண்டதாக 1914இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் கூறுகின்றது. வேறு பலர், பயன் தீர்ந்த பழைய போர்க்கப்பல்களிலேயே சிறைவைக்கப்பட்டனர்.

இம்மனிதருக்குக் கருங்காலியும் பொன்முலாமும் கிடைக்கவில்லை. கப்பல் வரைபடமும் கிடைக்கவில்லை. கிடைத்தது உணவுப் பங்கில் வந்த மாட்டெலும்பு. அதனை அவித்து, வெளுக்கவைத்து, மெல்லிய கீற்றுகளாக அறுத்து, மரத்தாலான உட்கூட்டின்மீது சிறு பித்தளை ஆணிகளால் அறைந்தனர். கயிறுகளுக்குப் பட்டுநூலும் மயிரும் பயன்பட்டன. சில மாதிரிகளிற் பின்புறத்தே தொங்கும் நூலை இழுத்தால் பீரங்கிகள் யாவும் ஒருங்கே உள்ளே ஒடுங்கும். ஆயின், பாய்மரங்கள் அளவுக்கு மிஞ்சி உயர்ந்திருத்தலும், கயிறுகள் தடித்திருத்தலும், கப்பலுடல் மெய்யான கப்பலோடு முற்றும் பொருந்தாமையும் இவற்றிற் காணக்கூடிய குறைகளே.

இக்குறைகளை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும்? உருவவாதி இவற்றைத் தாழ்ந்த வேலையென ஒதுக்குவான். இரக்கவாதியோ, பாவம், கைதிகள் செய்தவையென்று குறைகளை மன்னித்துவிடுவான். இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். முன்னவன் படைப்பை அது பிறந்த நிலைமையிலிருந்து பிரித்தெடுக்கின்றான். பின்னவன் நிலைமையைப் பார்த்துப் படைப்பைப் பாராது விடுகின்றான். கைதியின் கையிலிருந்த திறமைக்கு மன்னிப்புத் தேவையில்லை. எலும்பைப் பலகையாக்கிய வித்தை எந்த அரச தச்சனின் வித்தைக்கும் குறைந்ததன்று.

இன்னொரு கேள்வி எழுகின்றது. இங்கிலாந்தின் கைதிகள் ஆங்கிலக் கப்பலின் பெயரையும் கொடியையும் தம் மாதிரிகளுக்குச் சூட்டியது ஏன்? விடை சந்தையிலே கிடைக்கின்றது. சிறை வாயிலில் நடந்த சந்தையில் இவற்றை வாங்கியோர் ஆங்கிலேயர். அங்கு விற்ற காசே கைதிக்கு மேலதிக உணவும் உடையுமாகியது. வாங்குவோன் விரும்பிய கப்பலைச் செய்தவன் விற்றான். தன்னைச் சிறைப்பிடித்த கடற்படையின் பெருமையைத் தன் உணவின் எச்சத்திலிருந்தே செதுக்கிக் கொடுத்தான். வைக்கோற் பின்னலை விற்பதோ தடைசெய்யப்பட்டிருந்தது. உள்ளூர்த் தொழிலோடு அது போட்டியிட்டது. செல்வரின் மேசைக்கு அலங்காரமான கப்பலை அவன் செய்யலாம். சாதாரண மக்கள் அணியும் தொப்பிக்கான பின்னலைச் செய்யலாகாது. கலைஞன் எதைப் படைப்பது என்பதைச் சந்தையும் சட்டமும் சேர்ந்தே தீர்மானித்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆகவே, அந்த உயர்ந்த பாய்மரமும் தடித்த கயிறும் வெறும் பிழைகளல்ல. வரைபடம் மறுக்கப்பட்ட மாலுமி தன் நினைவிலிருந்த கப்பலைக் கட்டினான். கயிற்றில் ஏறி இறங்கியவனுக்குக் கயிறே பெரிதாகத் தோன்றியிருக்கலாம். வாங்குவோன் கண்ணைக் கவரவேண்டிய தேவையும் அவன் கையை இயக்கியிருக்கும். அரச மாதிரி கப்பலின் அளவைச் சரியாகச் சொல்கின்றது. கப்பலில் உழைத்தவனைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. எலும்பு மாதிரி அளவிலே தவறுகின்றது. உழைத்தவனின் வாழ்வை அவனது உணவிலிருந்தே எடுத்துக் காட்டுகின்றது. உருவத்தின் குறைதானே இங்கு உள்ளடக்கத்தின் சாட்சியாகின்றது.

இம்மாதிரிகளுட் பெரும்பாலானவற்றிற் செய்தவர் பெயர் இல்லை. பெயரை நாம் இனி மீட்டெடுக்க இயலாது. ஆனால், காட்சிப்படுத்தும் முறை நம் கையில் உள்ளது. கண்ணாடிப் பெட்டியின் அருகே பாய்மரங்களின் எண்ணிக்கையும் பீரங்கிகளின் எண்ணிக்கையும் எழுதிவைத்தால் மட்டும் போதாது. கைதிக்கு அளந்த இறைச்சி எவ்வளவு, சந்தையில் எது அனுமதிக்கப்பட்டது, எது தடுக்கப்பட்டது, முகாமில் எத்தனைபேர் மாண்டனர் என்பனவும் எழுதப்படல் வேண்டும். மாணவரை இத்தகைய காட்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், "எவ்வளவு அழகு!" என்பதோடு நிறுத்தாது, "இந்த எலும்பு எங்கிருந்து வந்தது?" என்றும் கேட்கச் செய்தல் வேண்டும். அக்கேள்விக்கு விடை தேடும் மாணவன் அழகை இழக்கமாட்டான்; அழகுக்குப் பின்னாலிருந்த மனிதனையும் காண்பான்.