விதிக்குள் இருக்கும் கணிதம்

விளையாட்டுவழிக் கணிதத்தை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் போதும். விளையாட்டின் விதிக்குள்ளேயே கணிதம் இருக்கிறதா, அல்லது வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு மேல் சாயம் பூசியிருக்கிறார்களா? ஆட்டத்தை நடத்துகிற ஆசிரியர் அதில் தானும் மகிழ்கிறாரா? முதல் கேள்வியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைத் தொட்டவர்கள் குறைவு.

2022 ஜூனில் தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை இந்த இரண்டையும் கொண்டு நிறுத்துப் பார்க்கலாம். சென்னைப் பள்ளிக்கும் கடலூர் மாவட்டத்து மங்களூர் ஒன்றியப் பள்ளிக்கும் ஒரே கையேடு. வகுப்பறையில் பாட்டும் ஆட்டமும் பொழுதுபோக்கு அல்ல, பாடமே அவைதாம் என்று அரசே ஏற்றுக்கொண்டது சாதாரணக் காரியமல்ல. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையறிந்து கற்பிப்பதும் நேர்மையான முறை. இதற்கு முன், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிறந்த செயல்வழிக் கற்றலில் பாட அட்டையும் கற்றல் ஏணியும் குழந்தைக்குத் தன் வேகத்தில் நகரும் உரிமையைத் தந்தன. ஆசிரியரையோ அட்டைகளின் கண்காணிப்பாளராகச் சுருக்கின. புதிய திட்டம் அவரை வகுப்பின் நடுவுக்குத் திரும்ப அழைத்து வந்திருக்கிறது.

குறையும் அங்கேதான் இருக்கிறது. நடுவுக்கு வந்தவருக்கு நடத்தும் வேலை மட்டுமே தரப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செயல்பாடும் ஒரு கற்றல் விளைவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. விளைவு வந்ததும் ஆட்டம் முடிகிறது. மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் அவசரத்தில், "இப்படி ஆடினால் என்ன ஆகும்?" என்று கேட்க ஆசிரியருக்கு நேரமில்லை. அந்தக் கேள்வி எழாத இடத்தில் எண்ணிக்கை நடக்கும், கணிதம் நடக்காது.

பல்லாங்குழியையே எடுத்துக்கொள்வோம். 14 குழி, குழிக்கு 5 காய், ஆக 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டு, முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் உள்ளவை நமக்கு. ஒன்றாம் வகுப்பில் இதை ஐந்து வரை எண்ணும் பயிற்சியாக நடத்திவிடலாம்; பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஓர் ஆசிரியர் தனியே உட்கார்ந்து முதல் ஆட்டத்தை வெவ்வேறு குழிகளிலிருந்து தொடங்கிப் பார்க்கட்டும். எங்கிருந்து தொடங்கினாலும் கைக்கு வருவது 7 காய்தான். எல்லாக் குழியும் சமம், வட்டத்துக்கு முனை இல்லை. ஆகவே முதல் ஆட்டத்தில் தேர்வு என்பதே கிடையாது. அந்த ஆட்டம் முடிந்ததும் சமநிலை குலைகிறது; எதிராளியின் தேர்வுக்குப் பொருள் வருகிறது. சமச்சீர் என்ற கருத்து இவ்வளவு தெளிவாகக் கைக்கு அகப்படும் இடம் பாடநூலில் அரிது. இதைத் தானே கண்டுபிடித்த ஆசிரியர் கணிதத்துக்கு அஞ்சுவாரா?

முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி. கே. சீனிவாசன், ராமானுஜன் கடிதங்களைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தவர். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் கணித அருங்காட்சியகம் கண்டவர். எண் கோலங்களை மாணவர் கண்டுபிடிக்கும்போது அவரும் கூடவே தேடினார் என்பதே அவர் முறையின் பலம். ஒரு தனிமனிதரின் ஈடுபாட்டை மாநிலம் முழுவதற்கும் ஆணையாக்க முடியாது என்பது அதன் எல்லை. எண்ணும் எழுத்தும் அந்தப் பரப்பை எட்டியது. அந்த ஆழத்தை எட்டவில்லை.

முதல் அளவுகோலில் திட்டம் பாதித் தேர்ச்சி, இரண்டாவதில் தோல்வி என்பதே என் தீர்ப்பு. தோல்விக்கு ஆசிரியர்கள் பொறுப்பல்லர். அவர்களுக்கு ஆடும் நேரம் ஒதுக்கப்படவே இல்லை. ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டங்களில் பாதி நேரத்தை அறிக்கைக்கும் படக்காட்சிக்கும் தராமல், ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பல்லாங்குழியும் ஆடுபுலியும் ஆடி, தாங்கள் கண்டதை விவாதிக்க விடுங்கள். அதற்கு அரசாணை தேவையென்றால், அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அதை வெளியிட வேண்டும்.